கடல் கடந்து வந்த ஹார்ட் டிஸ்க்கும் அதன் உத்தரவாதமும்

‘வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. வயலுக்கும் வாய்க்காலுக்கும் சொல்லப்பட்ட அந்த அறிவுரை, இன்று நம் வீட்டு மேசைமேல் அமர்ந்திருக்கும் கணிப்பொறிக்கும் பொருந்துவதாக இருக்கிறது. நம் பள்ளி மாணவியருள் பலருடைய தந்தையரும் உறவினரும் துபாயிலும் மஸ்கட்டிலும் குவைத்திலும் சிங்கப்பூரிலும் உழைக்கின்றனர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, முன்பெல்லாம் டேப் ரிக்கார்டரும் டார்ச் விளக்கும் வந்த பெட்டியில், இப்போது மடிக்கணிப்பொறியும் ஹார்ட் டிஸ்க்கும் வருகின்றன. உரோமாபுரியில் பயின்று திரும்பும் அருட்சகோதரியரும் தம் குறிப்புகளையும் நிழற்படங்களையும் இத்தகைய ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துக் கொண்டுவருகின்றனர்.

வந்த பொருள் ஓராண்டிலோ ஈராண்டிலோ பழுதாகிவிட்டால் என்ன செய்வது? பெட்டியின்மேல் ‘3 ஆண்டு வாரண்டி’ என்று அச்சிட்டிருக்கிறதே என்று நம்பி உள்ளூர்க் கடைக்குப் போகிறோம். “இது வெளிநாட்டுச் சரக்கு, இங்கே செல்லாது” என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுகிறார்கள். ஏன் செல்லாது? எங்கே செல்லும்? எவ்வாறு கேட்டால் கிடைக்கும்? எவ்வளவு கேட்டாலும் கிடைக்காதது எது? இவற்றை மாணவியரும் பெற்றோரும் அறிந்துகொள்ளும்படி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹார்ட் டிஸ்க் என்பது யாது?

கணிப்பொறியில் நாம் சேர்க்கும் எழுத்து, படம், பாட்டு ஆகிய அனைத்தையும் மின்சாரம் நின்ற பின்னும் காத்து வைத்திருக்கும் பெட்டகமே ஹார்ட் டிஸ்க். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அந்தப் பெருங்கருவி சுமார் 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் படம் ஒன்றே அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதே வேளையில், உள்ளங்கையில் அடங்கும் 1 டெராபைட் டிஸ்க் ஒன்றில், படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் வீதம் கணக்கிட்டால், இரண்டரை இலட்சம் படங்களைச் சேர்த்து வைக்கலாம்.

இதன் உள்ளே பளபளக்கும் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கின்றன. மேசைக் கணிப்பொறிக்குரிய 7,200 சுழற்சி டிஸ்க்கில் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. எழுதவும் படிக்கவும் உதவும் சிறு முனை ஒன்று, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. நம் தலைமுடி ஒன்றின் பருமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்தால் அந்த இடைவெளியின் நுட்பம் விளங்கும். ஆகவேதான் ஒரு தூசியும், கை தவறி விழும் ஒரு வீழ்ச்சியும் இதற்குப் பகை. எவ்வளவு சிறந்த நிறுவனம் செய்தாலும் சில டிஸ்க்குகள் காலத்திற்கு முன்பே பழுதாவது இயல்பு. அந்த இயல்பை ஒப்புக்கொண்டு தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்குறுதியே உத்தரவாதம், அதாவது வாரண்டி.

வாக்குறுதி ஒன்றன்று, இரண்டு

பொருள் வாங்கும் ஒருவருக்கு இருவேறு பாதுகாப்புகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறிவது மிகவும் தேவை.

முதலாவது, தயாரிப்பாளர் தாமே மனமுவந்து தரும் உத்தரவாதம். இன்று உலகில் ஹார்ட் டிஸ்க் செய்யும் பெருநிறுவனங்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்னும் மூன்றே. சாம்சங் தன் ஹார்ட் டிஸ்க் தொழிலை 2011-இல் சீகேட்டுக்கும், ஹிட்டாச்சி 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கும் விற்றுவிட்டன. இந்நிறுவனங்கள் எந்த வகை டிஸ்க்குக்கு எத்தனை ஆண்டு, எந்த நாட்டில், எந்தெந்த நிபந்தனைகளுடன் மாற்றித் தருவோம் என்று எழுதி வைத்திருக்கின்றன. அந்த எழுத்தே நமக்கு எல்லை. காலமும் எல்லா டிஸ்க்குக்கும் ஒன்றன்று. மலிவான வகைக்குக் குறைவாகவும், நிறுவனங்களின் பயன்பாட்டிற்குரிய விலையுயர்ந்த வகைக்கு 5 ஆண்டு வரையிலும் தருவதுண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் தம் சில வகைகளுக்குரிய காலத்தைக் குறைப்பதாக அறிவித்தன. எனவே, ‘மாமா வாங்கியபோது 5 ஆண்டு இருந்ததே’ என்று பழைய நினைவை வைத்துக் கணக்குப் போடலாகாது.

இரண்டாவது, விற்ற கடைக்காரர்மேல் அந்தந்த நாட்டுச் சட்டம் சுமத்தும் பொறுப்பு. சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, பொருளைப் பெற்ற 6 மாதத்திற்குள் குறை தெரிந்தால், அக்குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிக்கும் சுமை கடைக்காரருடையது. இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், பொருளின் குறைக்கு விற்றவர் 2 ஆண்டு பொறுப்பாளர். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. இவ்வுரிமைகள் யாவும் விற்ற கடையோடு கட்டப்பட்டவை. திருநெல்வேலியிலிருந்தோ திருச்சியிலிருந்தோ அவற்றைக் கோருவது எளிதன்று. அந்நாட்டிலேயே இருக்கும் தந்தையோ சித்தப்பாவோ கடைக்கு நேரில் சென்றால் கோரலாம்.

எல்லை தாண்டினால் செல்லாதது ஏன்?

‘ஒரே நிறுவனம், ஒரே பொருள், இந்தியாவிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது, பின் ஏன் மறுக்கிறார்கள்?’ என்று கேட்பது நியாயமே. நிறுவனங்கள் உலகத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் தனித்தனி மொத்த வணிகரை அமர்த்துகின்றன. ஒரு வட்டாரத்தில் விற்கும் பொருளின் விலையிலேயே அங்குப் பழுதாகும் சிலவற்றை மாற்றித் தரும் செலவும் அடங்கியிருக்கும். வேறு வட்டாரத்தில் விற்ற பொருள் இங்கே பழுதாகி வந்தால், அச்செலவை ஏற்க இங்குள்ள வணிகர் முன்வருவதில்லை. விலை குறைந்த நாட்டில் மொத்தமாக வாங்கி, விலை மிகுந்த நாட்டில் விற்கும் வியாபாரத்தைத் தடுப்பதும் இக்கட்டுப்பாட்டின் மற்றொரு நோக்கம்.

நிறுவனத்தின் பக்கத்தில் டிஸ்க்கின் தொடர் எண்ணையும் நாட்டின் பெயரையும் இட்டுப் பார்த்தால், பொதுவாக நான்கு வகையான விடைகளுள் ஒன்று வரும். ‘உத்தரவாதம் உண்டு’ என்றால் கவலையில்லை. ‘காலம் முடிந்தது’ என்றால் அதோடு சரி. ‘வட்டாரத்திற்கு வெளியே’ என்று வந்தால், விற்கப்பட்ட நாட்டில்தான் கேட்க வேண்டும் என்பது பொருள். ‘கணிப்பொறித் தயாரிப்பாளருக்கு விற்கப்பட்டது’ என்பது நான்காவது விடை.

இந்த நான்காவதில் பலர் ஏமாறுகின்றனர். டெல், எச்.பி. போன்ற கணிப்பொறி நிறுவனங்கள் ஹார்ட் டிஸ்க்குகளை மொத்தமாக வாங்கித் தம் கணிப்பொறிக்குள் பொருத்தி விற்கின்றன. அந்த டிஸ்க்குகளுக்கு உத்தரவாதம் தருபவர் கணிப்பொறியைச் செய்தவரே. டிஸ்க்கைச் செய்தவர் அல்லர். அத்தகைய டிஸ்க்குகள் சில வேளை தனியே கழன்று, வெளிநாட்டுச் சந்தைகளில் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. பெட்டியில்லாமல் வெறும் உறையில் கிடைக்கும் டிஸ்க்கின் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதுபோலவே, வெளியே இணைக்கும் டிஸ்க்கின் உறையை உடைத்து உள்ளிருப்பதை எடுத்துக் கணிப்பொறிக்குள் பொருத்துவோர், உறையோடு உத்தரவாதத்தையும் உடைத்துவிடுகின்றனர்.

வாங்கும்போதே கேட்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் வாங்கி வரும்படி தந்தைக்கோ அண்ணனுக்கோ எழுதும் மாணவியர், கீழ்க்கண்டவற்றையும் சேர்த்து எழுதுவது நன்று.

1. கடையை விட்டு வெளியேறுமுன், பெட்டியிலுள்ள தொடர் எண்ணைக் கைபேசியிலேயே நிறுவனத்தின் பக்கத்தில் இட்டு, நாடு ‘இந்தியா’ என்று குறித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பின்னால் வரும் அலைச்சல் அனைத்தும் இதனால் மிஞ்சும்.

2. ‘உலக உத்தரவாதம் உண்டு’ என்று கடைக்காரர் சொன்னால், அதைப் பில்லிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வாய்ச்சொல் கடல் தாண்டுவதில்லை.

3. பில்லில் கடையின் பெயர், தேதி, டிஸ்க்கின் மாதிரி எண், தொடர் எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெறுமனே ‘கம்ப்யூட்டர் சாமான்’ என்று எழுதிய பில் பயன்படாது.

4. பில்லை அன்றே படமெடுத்து வீட்டிற்கு அனுப்பிவிட வேண்டும். கடைகளில் தரும் பில் பல, வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாளில் அச்சாவதால், சில மாதங்களிலேயே மங்கி வெறுந்தாளாகிவிடும்.

5. நம்ப முடியாத மலிவு விலையில் 16 டெராபைட், 30 டெராபைட் என்று எழுதிய கையடக்க டிஸ்க்குகளை வாங்கலாகாது. திறந்து பார்த்தால் உள்ளே சிறியதொரு மெமரி கார்டு மட்டும் இருக்கும் போலிகள் பல உலவுகின்றன. பெயரே இல்லாத பொருளுக்கு உத்தரவாதம் கேட்க ஆளும் இல்லை.

பில் இல்லாவிட்டால் என்ன என்று சிலர் எண்ணலாம். பில் இல்லாதபோது நிறுவனங்கள் டிஸ்க்கைச் செய்த நாளை வைத்தே காலத்தைக் கணக்கிடுவது வழக்கம். தொழிற்சாலையிலும் கப்பலிலும் கடை அலமாரியிலும் கழிந்த மாதங்கள் நம் கணக்கில் விழுந்துவிடும். பில் இருந்தாலோ, வாங்கிய நாளிலிருந்து எண்ணும்படி கேட்கலாம்.

பழுதா, பழுதில்லையா?

கோரிக்கை அனுப்புமுன், உண்மையில் பழுதுதானா என்று அறிய வேண்டும். ‘1 டெராபைட் என்று விற்றார்கள், கணிப்பொறி 931 என்று காட்டுகிறது’ என்பது பலரின் குறை. இது பழுதன்று. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகின்றனர். விண்டோஸ் 1,024-ஆல் பெருக்கி எண்ணுகிறது. ஒரே அளவைப் படியாலும் மரக்காலாலும் அளப்பது போன்றது இது. இதற்காக யாரும் டிஸ்க்கை மாற்றித் தர மாட்டார்கள்.

டிஸ்க்கே தெரியாவிட்டால் முதலில் வேறு கம்பியிலும் வேறு கணிப்பொறியிலும் இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பி ஒன்று கெட்டதற்காக டிஸ்க்கைக் கடல் கடத்தியவர்களும் உண்டு. பின்னர், நிறுவனமே இலவசமாகத் தரும் சோதனை நிரலை ஓட்ட வேண்டும். சீகேட் தருவது சீடூல்ஸ் எனப்படும். சோதனை தோல்வியுற்றால், அந்த முடிவைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் அதைக் கேட்கலாம்.

‘டக் டக்’ என்று ஒரே சீராக ஓசை வந்தால், உள்ளிருக்கும் முனை தன் இடத்தைக் காணாமல் தடுமாறுகிறது என்று பொருள். அந்நிலையில் மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது, முறிந்த காலுடன் ஒருவரை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். உடனே நிறுத்திவிட வேண்டும். ஒருபோதும் மூடியைத் திருகித் திறக்கலாகாது. தூசியற்ற தனி அறையில் திறக்க வேண்டிய பொருள் அது. முத்திரை கிழிந்த கணமே உத்தரவாதமும் முடிந்தது.

கீழே விழுந்து நசுங்கியது, நீர் பட்டது, மின்னலில் எரிந்தது ஆகியவற்றை எந்த நிறுவனமும் ஏற்பதில்லை. பெரிய வெளி டிஸ்க்குகள் பொதுவாக 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவன. துளை பொருந்துகிறதே என்று மடிக்கணிப்பொறியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகினால் டிஸ்க் கருகிவிடும். இதுவும் நம் பிழையாகவே கொள்ளப்படும்.

கோரும் முறை

தொடர் எண்ணுக்கு இந்தியாவில் உத்தரவாதம் உண்டு என்று தெரிந்தால் வேலை எளிது. நிறுவனத்தின் பக்கத்தில் பதிவு செய்து, குறையைச் சுருக்கமாக எழுதி, திருப்பி அனுப்பும் அனுமதி எண்ணைப் பெற வேண்டும். இதை ஆர்.எம்.ஏ. எண் என்பர். எங்கே கொடுக்க வேண்டும் என்று நிறுவனமே தெரிவிக்கும். அந்த எண்ணைப் பெட்டியின் வெளிப்புறத்தில் தெளிவாக எழுத வேண்டும். எண் இல்லாத பெட்டியைப் பெற மறுத்துவிடுவர்.

‘வட்டாரத்திற்கு வெளியே’ என்று வந்தால் வழிகள் மூன்று. முதல் வழி, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் பணிவாக எழுதிக் கேட்பது. வாங்கிய நாடு, தேதி, பில்லின் படம், இப்போது குடும்பம் வாழும் இடம் ஆகியவற்றைத் தெரிவித்து, விலக்களிக்க இயலுமா என்று கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆயினும் கேட்பதில் குற்றமில்லை. இரண்டாம் வழி, அந்த நாட்டிற்குத் திரும்பிச் செல்லும் உறவினரிடம் கொடுத்தனுப்பி, அங்கேயே அவர் பெயரில் கோருவது. நம் குடும்பங்களுக்கு இதுவே சிறந்த வழி. அனுமதி எண் பெரும்பாலும் 30 நாள் அளவே செல்லுமாதலால், பயண நாள் உறுதியான பிறகே அதைப் பெற வேண்டும். புறப்படும் நாளில் உத்தரவாதக் காலம் மீதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வழி, கூரியரில் அயல்நாட்டிற்கே அனுப்புவது.

மூன்றாம் வழியில் கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும். புதிய டிஸ்க்கின் விலை 6,000 ரூபாய் என்றும், அனுப்பும் செலவு 3,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மாற்று டிஸ்க் திரும்பி வரும்போது சுங்கத்தார் வரி விதித்தால் அது தனி. பல நிறுவனங்கள் வேறு நாட்டு முகவரிக்கு மாற்றுப் பொருளை அனுப்புவதே இல்லை. எல்லாம் சேர்த்துப் பார்த்தால், புதிது வாங்குவதே மலிவாக முடியலாம். உரிமை உண்டு என்பதற்காகவே நட்டப்பட வேண்டியதில்லை.

சுங்கப் படிவத்தில் ‘உத்தரவாதத்தின்கீழ் மாற்றுவதற்கு அனுப்பும் பழுதான பொருள்’ என்று உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். ‘அன்பளிப்பு’ என்று எழுதினால் வரி குறையும் என்று யோசனை சொல்வோர் உண்டு. பொய்ப் படிவத்தில் கையெழுத்திடுவது சட்டப்படி குற்றம், மனச்சான்றின்படியும் குற்றம். கீழே போட்டு உடைத்ததைத் ‘தானே நின்றுவிட்டது’ என்று எழுதுவதும் அத்தகையதே.

பெட்டி கட்டும் விதம்

நல்ல கோரிக்கை பல, கெட்ட பெட்டியினால் தோற்கின்றன. டிஸ்க்கை முதலில் நிலைமின்னைத் தடுக்கும் உறையில் இட வேண்டும். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 2 அங்குலம் பஞ்சு போன்ற நுரைப் பொருள் இருக்குமாறு, உறுதியான அட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும். செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பதை நிறுவனங்கள் ஏற்பதில்லை. அப்படி வந்ததைக் காரணமாகக் காட்டி மறுப்பதும் உண்டு. கம்பி, அடாப்டர் ஆகியவற்றைக் கேட்டிருந்தால் மட்டுமே சேர்த்தனுப்ப வேண்டும். அனுப்புமுன் டிஸ்க்கின் முகப்பையும் கட்டிய பெட்டியையும் படமெடுத்து, கூரியர் ரசீதோடு வைத்துக்கொள்வது நலம்.

திரும்பி வருவது பெரும்பாலும் நாம் அனுப்பிய டிஸ்க்காக இராது. புத்தம் புதியதாகவும் இராது. செப்பனிட்டுச் சோதித்த வேறொரு டிஸ்க்கை அனுப்ப நிறுவனத்திற்கு உரிமையுண்டு என்று உத்தரவாதத்திலேயே எழுதியிருப்பர். அதற்குரிய உத்தரவாதம், பழையதில் மீதியுள்ள காலமோ 90 நாளோ, எது மிகுதியோ அதுவாக இருப்பது வழக்கம். புதிதாக 3 ஆண்டு தொடங்கிவிட்டது என்று எண்ணிவிடலாகாது.

மறுத்தால் நமக்குரிய சட்டம்

இந்தியாவில் வாங்கிய பொருளுக்கு நமக்கு வலிமையான துணை உண்டு. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். குறை ஏற்பட்ட 2 ஆண்டிற்குள் முறையிட வேண்டும். 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்து ஆலோசனையும் பெறலாம். ஆனால் துபாய்க் கடைக்காரரை நம் மாவட்ட ஆணையத்தின்முன் கொண்டுவந்து நிறுத்துவது நடைமுறையில் அரிது. ஆகவே, வெளிநாட்டு விலைக்கும் உள்ளூர் விலைக்கும் உள்ள வேறுபாடு சிறிதாயின், சென்னை ரிச்சி தெருவிலோ நம் ஊர்க் கடையிலோ பில்லுடன் வாங்குவதே அறிவுடைமை. சற்று மிகுதியாகக் கொடுக்கும் அத்தொகையே நாம் கட்டும் அணையாகும்.

திரும்பி வராதது

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கூறுகிறோம். உத்தரவாதம் பெட்டகத்தைத்தான் திருப்பித் தரும். பெட்டகத்தில் வைத்ததைத் தராது. உள்ளிருக்கும் தகவலுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று எல்லா நிறுவனங்களும் எழுதி வைத்துள்ளன.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை பாலைவன வெயிலில் உழைத்த ஊதியத்தில் ஒரு டிஸ்க் வாங்கி அனுப்புகிறார். மகளின் புதுநன்மைப் படங்கள், மறைந்த பாட்டி ஜெபமாலை சொல்லும் குரல், தந்தை ஊரில் இல்லாத ஆண்டுகளின் கிறிஸ்துமஸ் காட்சிகள் யாவும் அதில் மட்டுமே உள்ளன. டிஸ்க் நின்றுவிடுகிறது. முறைப்படி கோரி, மாற்று டிஸ்க்கும் வந்துவிடுகிறது. கணக்குப் புத்தகப்படி அக்குடும்பத்திற்கு நட்டமில்லை. ஆனால் வந்த டிஸ்க் வெறுமையாக இருக்கிறது. பாட்டியின் குரலுக்கு எந்த நாட்டிலும் மாற்றுப் பொருள் கிடையாது.

தகவலை மீட்டுத் தரும் தனி நிலையங்கள் இருக்கின்றன. சீகேட் போன்ற நிறுவனங்கள் சில வகை டிஸ்க்குகளுடன் மீட்புச் சேவையையும் சேர்த்து விற்கின்றன. ஆனால் எல்லாம் மீளும் என்ற உறுதி எவரிடமும் இல்லை. தனியே செய்தால் செலவு டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்காகும். அன்றியும், உத்தரவாதத்தின்கீழ் அனுப்பிய பழைய டிஸ்க் திரும்பி வராது. ஆகவே மீட்க வேண்டியது எதுவும் இருந்தால், மாற்றுக்கு அனுப்புமுன்பே அதை முடிவு செய்ய வேண்டும்.

இதற்குரிய மருந்து ஒன்றே. முக்கியமானவை மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். பெரியம்மா வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு பிரதி, திருட்டையும் தீயையும் வெள்ளத்தையும் வென்று நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை, விடுமுறையிலோ கிறிஸ்துமஸ் நாளிலோ, அதை எடுத்துத் திறந்து பார்ப்பதும் வேண்டும்.

பள்ளிகளுக்கும் மடங்களுக்கும் பங்குகளுக்கும் மற்றொரு கடமையும் உண்டு. மாணவியர் மதிப்பெண், பெற்றோர் முகவரி, ஞானஸ்நானப் பதிவேடு முதலியவை உள்ள டிஸ்க் பழுதானால், அழிக்கவும் முடியாத நிலையில் அது அந்நியர் கைக்குப் போகிறது. அத்தகைய டிஸ்க்கைத் தொடக்கத்திலேயே மறைச்சொல்லிட்டுப் பூட்டி வைப்பது நன்று. அவ்வாறு செய்யாதிருந்தால், சில ஆயிரம் ரூபாய் மாற்றுப் பொருளை விட்டுக்கொடுத்து, டிஸ்க்கை அனுப்பாமல் நம்மிடமே வைத்துக்கொள்வது மேலானது. பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காப்பது பணத்தினும் பெரிது அல்லவா?

முடிவுரை

அன்பு மாணவியரே, நற்செய்தியில் நம் ஆண்டவர் கூறிய பத்துக் கன்னியர் உவமையை நீங்கள் அறிவீர்கள். விளக்கு பத்துப் பேரிடமும் இருந்தது. எண்ணெயை உடன் எடுத்துச் சென்றவர் ஐவரே. நடு இரவில் கடை தேடி ஓடியவர்க்குக் கதவு அடைபட்டது. இன்று உங்களுள் பலர் வீட்டில் கணிப்பொறியை நன்கறிந்தவர் நீங்களே. தாயும் தந்தையும் உங்களைக் கேட்டே வாங்குகின்றனர். எனவே, வாங்குமுன் தொடர் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கியபின் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பழுதானால் உண்மையை எழுதி முறைப்படி கோருங்கள். அதற்கெல்லாம் முன்பாக, இந்த வாரமே வீட்டிலுள்ள படங்களையும் குரல்களையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். கடல் கடந்து உழைப்பவரின் வியர்வைக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிகளுள் இதுவும் ஒன்று. அந்த நற்கடமையைச் செய்ய இறைவன் நம் அனைவருக்கும் துணைபுரிவாராக!